மெக்கானிகல் படிச்சு மைசூர்ல பொட்டி தட்டின கதை

மே மாசம் வந்துட்டா போதும், வெளிநாட்டுல இருக்கற ஒவ்வொரு தமிழனும் கல்வி ஆலோசகர் ஆயிடுவான். ஊர்ல ப்ளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கும். நாம இங்க ஆபீஸ்ல என்ன ஆணி புடுங்கறோம்னு அங்க யாருக்கும் தெரியாது. ஆனாலும் 'அவன் அமெரிக்காவுல இருக்கான், அவனக் கேட்டா சரியாச் சொல்லுவான்'னு ஒரு நம்பிக்கை. பெரியம்மா பேத்தி, தங்கமணியோட ஒண்ணுவிட்ட தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் பையன்னு வரிசையா போன் வரும். எல்லாருக்கும் கேள்வி ஒண்ணுதான். "எந்த குரூப் எடுத்தா நல்லதுங்க?"

இந்தத் தடவை கேட்டது எங்க அண்ணன். அதனால 'பையனுக்கு எது புடிக்குதோ அதப் படிக்க விடுங்க'ன்னு வழக்கமான டயலாக்கைச் சொல்லித் தப்பிக்க முடியல.

அண்ணன் கோயம்புத்தூர்ல லேத்துப் பட்டறை வெச்சிருக்கார். அப்பா ரெண்டு லேத்து மிஷினோட ஆரம்பிச்ச பட்டறை. பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடையறது, புஷ் போடறதுன்னு ஜாப் வொர்க். இப்போ ஒரு சிஎன்சி மிஷினும் இருக்கு, அதுக்கு பேங்க் லோனும் இருக்கு. அவர் பையன் கட்-ஆஃப் 190-க்கு மேல வாங்கிட்டு மெக்கானிகல்தான் படிப்பேன்னு நிக்கறான். அண்ணனுக்கு அது சுத்தமா ஆகல.

"நீயே சொல்லு. நீயும் அதத்தான படிச்ச? அதுலயா இன்னிக்கு சோறு திங்கற? இந்த எண்ணெய்க் கை என்னோட போகட்டும். நீ சொன்னா கேப்பான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லு."

நியாயமான கேள்விதான். நான் மெக்கானிகல் படிச்சவன். இருபது வருஷமா கோபால் எழுதறேன். (கோபால்னா ஆள் பேர் இல்லை மக்களே, மெயின்ஃப்ரேம் மொழி!) நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒரே வார்த்தையில சொல்லிடலாம்: மைசூர். 2014-ல இருந்து மைசூரு. எனக்கு இன்னும் மைசூர்தான் வாயில வருது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

எங்க காலத்துல கவுன்சிலிங்னா கிண்டி அண்ணா யுனிவர்சிட்டிக்கு நேர்ல போகணும். இப்போ மாதிரி வீட்ல உக்காந்து சாய்ஸ் ஃபில்லிங் பண்றதெல்லாம் 2018-க்கு அப்புறம் வந்தது. நான் போனது 2002. நுழைவுத் தேர்வும் உண்டு, கட்-ஆஃப் 300-க்கு. அந்த வருஷம் காத்து திரும்பியிருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு அடிச்சுக்கிட்ட ஜனம், 2001-ல அமெரிக்க டாட்காம் கம்பெனிகள் கவுந்ததும் 'ஐயோ, அது வேண்டாம்'னு பின்வாங்கிச்சு. ஸ்கிரீன்ல காலேஜ் பேரும் மிச்சமிருக்கற சீட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டுல போர்டு பாக்கற மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தோம். உள்ள கூப்பிட்டா சில நிமிஷத்துல முடிவு சொல்லியாகணும். மெக்கானிகல் இருந்துச்சு. அப்பா முகத்துல வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! டர்னர் பையன் மெக்கானிகல் இன்ஜினியர் ஆகப் போறான்.

நாலு வருஷம் கழிச்சு 2006-ல காத்து மறுபடி திரும்பிடுச்சு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இன்ஃபோசிஸ் வந்தா, சிவில், மெக்கானிகல், டெக்ஸ்டைல், கெமிக்கல்னு எந்தப் பாகுபாடும் இல்லாம எல்லாரும் எழுதலாம். கேள்வித்தாள்ல இன்ஜினியரிங்கே இருக்காது, புதிர் இருக்கும். சகுந்தலா தேவியோட புதிர்ப் புத்தகத்தை ஹாஸ்டல் மொத்தமும் ஜெராக்ஸ் போட்டுப் படிச்சோம். தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்துக்குக் கூட அவ்வளவு மரியாதை கிடைக்கல.

2006 மார்ச்சுல அந்தக் கம்பெனியில சுமார் 52,700 பேர். 2007 மார்ச்சுல 72,000 பேருக்கு மேல. ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட 20,000 பேர் கூடியிருக்காங்க. ஒரு கம்பெனிக்கே இப்படின்னா மத்த கம்பெனிகளையும் சேத்துக்குங்க. அத்தனை பேருக்கு நாட்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிங்க எங்க இருந்து வருவாங்க? வேலையும் தலைக்கு இத்தனை மணி நேரம்னு பில் போடற வேலை. ஆள் வேணும், சீக்கிரம் வேணும். தமிழ்நாட்டுல அப்பவே 200-க்கு மேல இன்ஜினியரிங் காலேஜ். நாலு வருஷம் கணக்குப் பரீட்சை எழுதித் தேறினவனுக்கு சில மாசம் சொல்லிக் குடுத்தா ப்ரோக்ராம் எழுதிடுவான்னு கணக்குப் போட்டாங்க. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. அந்தச் சொல்லிக் குடுக்கற இடம்தான் மைசூர்.

கோயம்புத்தூர்ல இருந்து சத்தியமங்கலம் வழியா பஸ். திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு. ஏறி இறங்கி சாம்ராஜ்நகர் தாண்டினா அரை நாள்ல மைசூர். ஹெப்பால் தொழிற்பேட்டைப் பக்கம் 330 ஏக்கருக்கு மேல ஒரு வளாகம். 2005-ல பயிற்சி மையம் திறந்திருந்தாங்க. அரண்மனை மாதிரி தூண் வெச்ச ரெண்டாவது கட்டிடம் நான் கிளம்பினதுக்கு அப்புறம், 2009-ல வந்தது. அதுக்கப்புறம் ஒரே நேரத்துல ஏறத்தாழ 14,000 பேரைப் பயிற்றுவிக்கற அளவுக்கு ஆயிடுச்சு. எங்க ஊர்ப் பக்கத்துல பல டவுன்ல அவ்வளவு ஜனம் கிடையாது.

என் பக்கத்து சீட்டு பொண்ணு டெக்ஸ்டைல் டெக்னாலஜி. பின்னாடி உக்காந்த கரூர்க்காரன் சிவில். அவனுக்கு டேட்டாபேஸ் சொல்லிக் குடுத்தது பயோடெக் படிச்ச ஒரு விருதுநகர்ப் பையன். முதல் வாரம் எல்லாரும் அறிமுகப்படுத்திக்கும்போது 'நான் இன்ன காலேஜ், இன்ன பிராஞ்ச்'னு சொல்லுவோம். ரெண்டாவது மாசம் யாரும் பிராஞ்ச் கேக்கறதில்ல. ஜாவாவா, டாட்நெட்டா, மெயின்ஃப்ரேமாங்கறதுதான் கேள்வி. எந்த ஸ்ட்ரீம் விழும்னு நாமளா தீர்மானிக்க முடியாது. மெயின்ஃப்ரேம் விழுந்தவங்க துக்க வீட்டுக்காரங்க மாதிரி உக்காந்திருப்பாங்க, மத்தவங்க வந்து ஆறுதல் சொல்லுவாங்க. 'செத்துப்போன டெக்னாலஜி'ன்னு எனக்கும் நாலு பேர் சொன்னாங்க. இருபது வருஷமா அந்தச் செத்தது எனக்குச் சோறு போடுது. இங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்ல அது இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.

ஒரு விஷயம் கவனிச்சீங்கன்னா வேடிக்கையா இருக்கும். 1981-ல அந்தக் கம்பெனியைத் தொடங்கினவங்களே முதல் பட்டமா கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்லை. நாராயண மூர்த்தி மைசூர் என்.ஐ.இ. காலேஜ்ல 1967-ல எலெக்ட்ரிகல் முடிச்சவர். நந்தன் நீலகேணியும் எலெக்ட்ரிகல், ஐ.ஐ.டி. பம்பாய். கிரிஸ் கோபாலகிருஷ்ணனும் ஷிபுலாலும் இயற்பியல். பிராஞ்ச் மாறினவங்க கட்டின இடத்துல பிராஞ்ச் மாத்தறதுக்குப் பயிற்சி. சரியான பொருத்தம்.

சனி, ஞாயிறு வந்தா டவுனுக்குப் போயிடுவோம். தேவராஜ மார்க்கெட், அரண்மனை விளக்கு, சாமுண்டி மலை, அப்புறம் மைசூர் பாகு. சுத்திச் சுத்தி வந்தப்போ ஒண்ணு புரிஞ்சது: படிச்சது ஒண்ணு, ஆனது வேற ஒண்ணுங்கறது இந்த ஊருக்குப் புதுசில்லை. எங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே மகாராஜா காலேஜ்ல அது நடந்திருக்கு.

ஆர்.கே. நாராயணை எடுத்துக்குங்க. அந்தக் காலேஜ்ல சேர்றதுக்கான பரீட்சையில முதல்ல ஃபெயில் ஆகி வீட்ல உக்காந்து புத்தகம் படிச்சவர். 1930-ல பி.ஏ. முடிச்சு, ஸ்கூல் வாத்தியார் வேலைக்குப் போய், சில நாள்லயே வேண்டாம்னு திரும்பிட்டார். 1935-ல முதல் நாவல். அவர் அப்பாவே ஹெட்மாஸ்டர், வீட்ல என்ன பேச்சு வாங்கியிருப்பார்னு நினைச்சுப் பாருங்க. தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பிச்சு, போதுமான திறமை இல்லைன்னு நிராகரிக்கப்பட்டு, மகாராஜா காலேஜ்ல பி.ஏ. படிச்சார். அப்புறம் அரை நூற்றாண்டு இந்தியாவே காலையில முதல்ல பாத்தது அவர் வரைஞ்ச கார்ட்டூனைத்தான்.

இவங்க ரெண்டு பேர் கதையும் உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு ரொம்பப் புடிச்சது மூணாவது ஆள், ஏ.கே. ராமானுஜன். 1929-ல மைசூர்ல பொறந்த தமிழ் ஐயங்கார் வீட்டுப் பையன். வீட்ல அம்மாகிட்ட தமிழ், மாடியில அப்பாகிட்ட இங்கிலீஷ், தெருவுல கன்னடம். அப்பா மைசூர் பல்கலைக்கழகத்துல கணிதப் பேராசிரியர். பையன் காலேஜ்ல சயின்ஸ்தான் சேர்ந்தார். முதல் வருஷம் பாத்துட்டு, இவனுக்குக் கணக்கு மூளை இல்லைன்னு அப்பாவே பேசி இங்கிலீஷ் இலக்கியத்துக்கு மாத்தி விட்டார்.

இந்த வரியை நான் திரும்பத் திரும்ப நினைக்கறதுண்டு. கணக்கு வாத்தியார், 1940-கள்ல, சொந்தப் பையனை சயின்ஸ்ல இருந்து இலக்கியத்துக்குப் போகச் சொல்றார். நம்ம வீட்ல இன்னிக்கு எத்தனை அப்பாவுக்கு அந்த தைரியம் இருக்கு? எனக்கு இருக்கான்னு கேக்காதீங்க, பொண்ணு இன்னும் ஆறாவதுதான் படிக்கறா, நேரம் இருக்கு :-)

அதோட கதை முடியல. இலக்கியம் படிச்சவர் கொல்லம், பெல்காம், பரோடான்னு இங்கிலீஷ் வாத்தியாரா இருந்துட்டு அமெரிக்கா வந்து மொழியியல்ல டாக்டர் பட்டம் வாங்கினார். 1962-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல சேர்ந்த புதுசு. ஒரு சனிக்கிழமை, தான் முறையாப் படிக்காத பழந்தமிழுக்கு ஒரு ஆரம்ப இலக்கணம் கிடைக்குமான்னு நூலகத்தோட அடித்தளத்துல தேடிப் போனார். கையில கிடைச்சது 1937-ல உ.வே.சா. பதிப்பிச்ச சங்கப் பாடல் தொகுதி. அஞ்சு வருஷத்துல, 1967-ல, குறுந்தொகைப் பாடல்கள் இங்கிலீஷ்ல புத்தகமா வந்துச்சு. சங்கக் கவிதைன்னு ஒண்ணு இருக்குன்னு உலகத்துல பல பேருக்கு அந்தப் புத்தகத்தாலதான் தெரிஞ்சது. சயின்ஸ்ல இருந்து இலக்கியம், அதுல இருந்து மொழியியல், அதுல இருந்து வீட்டு மாடிப்படிக்குக் கீழ பேசின தமிழ். அதுவும் சிகாகோவுல! குளிர்ல கார் கண்ணாடியைச் சுரண்டிக்கிட்டு 'நமக்கும் தமிழுக்கும் இனி என்ன'ன்னு தோணும்போதெல்லாம் எனக்கு அந்த அடித்தளம் ஞாபகம் வரும்.

ஆனா இந்தக் கதைகளை மட்டும் சொல்லிட்டு 'பாத்தியா, என்ன படிச்சாலும் ஒண்ணுதான்'னு முடிச்சா அது பித்தலாட்டம். அதே மைசூர்ல 1950-ல தொடங்கின சி.எஃப்.டி.ஆர்.ஐ. இருக்கு, உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். எருமைப் பால்ல குழந்தை உணவு தயாரிக்க முடியாதுன்னு வெளிநாட்டுக்காரங்க சொல்லிக்கிட்டு இருந்தப்போ முடியும்னு செஞ்சு காட்டினது அங்கதான். அதுல இருந்துதான் அமுல் குழந்தை உணவு வந்துச்சு. அதைச் செஞ்சவங்க யாரும் புதிர் போட்டுப் பாஸ் பண்ணி சில மாசப் பயிற்சியில வந்தவங்க இல்லை. வேதியியலும் உணவும் வருஷக்கணக்கா படிச்சு, அதுலயே கெடையாக் கெடந்தவங்க. எல்லாரும் பொட்டி தட்ட வந்துட்டா அந்த நாற்காலியில யார் உக்கார்றது? எங்க கிளாஸ்ல மெக்கானிகல் படிச்ச அறுபது பேர்ல மிஷின் பக்கம் போனவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். போனவங்களுக்கு கோயம்புத்தூர் கம்பெனியில குடுத்த ட்ரெய்னி சம்பளம் எங்க சம்பளத்துல பாதி கூட இல்லை. போகாதவங்களைக் குத்தம் சொல்ல வாய் வரல.

அந்தக் கரூர்க்கார சிவில் நண்பன் ரெண்டு வருஷம் பொட்டி தட்டிட்டு, பரீட்சை எழுதி, பொதுப்பணித் துறைக்குப் போயிட்டான். இப்போ வாய்க்கால், மதகு, தடுப்பணைன்னு வெயில்ல சுத்தறான். போன் பண்ணா பாதி நேரம் கான்ட்ராக்டரைத் திட்டறான். திரும்பி வர்றியான்னு ஒரு தடவை கேட்டேன். "போடா, மழை வந்தா நான் கட்டினதுல தண்ணி நிக்குது, உன் ப்ரோக்ராம்ல என்ன நிக்குது?"ன்னான். பதில் சொல்லல, கால் கட் ஆன மாதிரி வெச்சுட்டேன்.

பயிற்சி முடியற நேரத்துல அப்பா ஒரு தடவை மைசூர் வந்தார். கண்ணம்பாடி அணைக்குக் கூட்டிட்டுப் போனேன், அதாவது கே.ஆர்.எஸ். (காவிரின்னதும் கமென்ட்ல சண்டை வேண்டாம், நான் இங்க தண்ணிப் பங்கீடு பேசல.) விஸ்வேஸ்வரய்யா மைசூர் சமஸ்தானத் தலைமை இன்ஜினியரா இருந்தப்போ ஆரம்பிச்ச அணை. அவர் பி.ஏ. படிச்சுட்டு அப்புறம் பூனாவுல சிவில் படிச்சவர். தண்ணி ஒரு மட்டத்துக்கு மேல ஏறினா தானாத் திறந்துக்கற மதகை வடிவமைச்சு 1903-ல பூனா பக்கம் கடக்வாஸ்லாவுல போட்டார், அதே மாதிரி இந்த அணையிலயும் வெச்சிருந்தாங்க. எல்லாரும் பிருந்தாவன் தோட்டத்துல நீரூற்று பாத்துக்கிட்டு இருக்க, அப்பா அணைப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னார். கரண்டு இல்லாம, ஆள் இல்லாம, மிதவையும் எடையும் வெச்சே மதகு தூக்கறதை நான் மண்ணுல குச்சியால வரைஞ்சு காட்டினேன். மெக்கானிகல்ல படிச்சது அன்னிக்கு முழுசா ஞாபகம் வந்துச்சு. எல்லாம் கேட்டுட்டு அப்பா சொன்னார்:

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கறயே கண்ணு. அப்ப அந்த நாலு வருசம் என்னத்துக்காகும்?"

கோபமா கேக்கல. வீணாப்போற ஒரு நல்ல இரும்புத் துண்டைப் பாத்து, இதுல என்ன செய்யலாம்னு யோசிக்கற மாதிரி கேட்டார். முதல் சம்பளத்துல பட்டறைக் கடன் ஒண்ணை அடைச்சேன், அதை அவர் மறுக்கல. ஆனா அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதும் இல்லை, அவர் திரும்பக் கேட்டதும் இல்லை. 2019-ல போய்ச் சேர்ந்துட்டார்.

சரி, அண்ணன் பையன் விஷயத்துக்கு வருவோம்.

அண்ணன் நினைக்கற கணக்கு 2006-ம் வருஷக் கணக்கு. அன்னிக்கு எந்த பிராஞ்ச் படிச்சாலும் கடைசியில நுழைய ஒரு பெரிய வாசல் திறந்திருந்துச்சு. இன்னிக்கு அந்த வாசல் அப்படி இல்லை. 2022-ல கேம்பஸ்ல எடுத்த பசங்கள்ல பல பேர் ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்துதான் மைசூருக்கே போனாங்க. 2025 பிப்ரவரியில, உள்மதிப்பீட்டுத் தேர்வுல மூணு வாய்ப்புலயும் தேறலன்னு 300-க்கு மேல பயிற்சியாளர்களை அந்த வளாகத்துல இருந்து அனுப்பினாங்க. தொழிலாளர் அமைப்பு எண்ணிக்கை அதைவிட அதிகம்னு புகார் குடுத்துச்சு. கோடு எழுதற வேலையில பாதியை மிஷினே எழுதுது, என் டீம்லயே தினம் பாக்கறேன். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு காலேஜ்கள்ல மெக்கானிகல், சிவில் சீட்டைக் குறைச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ, டேட்டா சயின்ஸ்னு சீட்டைப் பெருக்கிக்கிட்டே போறாங்க. வாசல் சுருங்குது, வரிசை நீளுது. இதை அண்ணன்கிட்ட சொன்னேன்.

"அப்ப மெக்கானிகலுக்கு மட்டும் வாசல் தொறந்து கெடக்குதாக்கும்?"னார். அதுவும் சரிதான். இல்லைன்னு ஒத்துக்கிட்டேன்.

பையனைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினேன். பட்டறை மேல பாசம்னு சொல்லியிருந்தா நானே கம்ப்யூட்டர் எடுன்னு சொல்லியிருப்பேன். பாசத்துக்கு நாலு வருஷம் படிக்க வேண்டாம், லீவுல போனாப் போதும். அவன் வேற சொன்னான்.

"சித்தப்பா, அப்பா அந்த சிஎன்சியில பாதி வேலைகூட வாங்கறதில்லீங்க. ப்ரோக்ராம் போட வெளியாள் வர்றார், வர்றதுக்கு ரெண்டு நாள் ஆகுது. மிஷின் சும்மா நிக்குது, லோனு நிக்குதுங்களா? நானே யூட்யூப் பாத்து ரெண்டு ஜாப்புக்கு எழுதிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது."

அப்புறம் பி.எஸ்.ஜி. டெக்ல சாண்ட்விச் படிப்புன்னு ஒண்ணு இருக்கறதை அவனே சொன்னான். அஞ்சு வருஷம், வகுப்போட தொழிற்சாலை வேலையும் கலந்து வரும். ஒரு வருஷம் கூட. அண்ணன் காதுல விழுந்தா அதுக்கும் சண்டை வரும். அந்த ஒரு வருஷத்துக்கு ஆகற செலவு என்னோடதுன்னு சொல்லிட்டேன். தங்கமணியைக் கேக்காம வாக்குக் குடுத்தது தனிக் கதை, அதை இங்க எழுதினா எனக்கு நைட்டு சோறு கிடைக்காது.

அண்ணன்கிட்ட சமாதானம் பேசல. "அவன் எழுதின ரெண்டு ஜாப் ப்ரோக்ராமை மிஷின்ல ஓட்டிப் பாருங்க, அளவு சரியா வந்தா அவன் விருப்பத்துக்கு விடுங்க, வரலன்னா உங்க இஷ்டம்"னு மட்டும் சொன்னேன். மைக்ரோமீட்டர் புடிச்ச மனுஷனுக்கு அதுக்கு மேல எதுவும் புரிய வைக்கத் தேவையில்லை. என்ன அளவு வந்துச்சுன்னு ரெண்டு பேரும் எனக்குச் சொல்லவே இல்லை. பத்து நாள் அண்ணன் போனே பண்ணல. அண்ணிதான் நடுவுல ஒரு தடவை கூப்பிட்டு, "ரெண்டு பேரும் ராத்திரி பத்து மணி வரைக்கும் பட்டறையிலயே கெடக்கறாங்க தம்பி, சாப்பாடு ஆறிப்போகுது, என்னத்தச் சொல்லி வெச்சீங்க?"ன்னு கேட்டாங்க.

போன வாரம் அண்ணன்கிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு மெசேஜ். சாண்ட்விச் மெக்கானிகல் கிடைச்சிருக்கு, பீஸ் கட்டியாச்சு, ஹாஸ்டல் வேண்டாங்கறான், வீட்ல இருந்தே போய்க்கறானாம். அதுக்குக் கீழ தனியா ஒரு வரி: வெளியாளை நிறுத்திட்டேன்.

பி.கு.: மைசூர் போறவங்க அரண்மனையோட நிக்காம யாதவகிரியில இருக்கற ஆர்.கே. நாராயண் வீட்டையும் பாத்துட்டு வாங்க. இடிக்க இருந்த வீடு, 2016-ல இருந்து அருங்காட்சியகம். மாடியில ஜன்னல் வெச்ச எழுதற அறை ஒண்ணு இருக்கு, அங்க கொஞ்ச நேரம் நில்லுங்க.